கீழாநெல்லியும் காமாலையும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோரிற் பலர் மேல்சித்தாமூரைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். கோட்டையின் பெரும்புகழ் அருகிலுள்ள அச்சிற்றூரை மறைத்துவிட்டது. தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் அவ்வூரிலேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பெற்ற மலைநாதர் கோயிலும் அதன் பழமைக்குச் சான்று கூறுகின்றன. வடநாட்டுச் சமணரிற் பெரும்பாலோர் வணிகர். தமிழ்ச் சமணரோ பெரும்பாலும் உழவர். செஞ்சியை ஆள்வதற்கு அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போய்க்கொண்டிருந்த காலமெல்லாம், சுற்றுப்புற ஊர்களில் இக்குடும்பங்கள் ஏரைப் பிடித்து வாழ்ந்து வந்தன.

சமணர் போற்றும் தானங்கள் நான்கு: உணவு, அடைக்கலம், கல்வி, மருந்து. பசித்தவனுக்குச் சோறிடுவதோடு பிணியாளனுக்கு மருந்தளிப்பதையும் ஒருங்கு வைத்து எண்ணிய மரபு அது. நீதி நூல்களுக்கும் அவர்கள் மருந்தின் பெயரைச் சூட்டினார்கள். சிறுபஞ்சமூலம் என்பது ஐந்து சிறு வேர்கள் கூடிய மருந்து. ஏலாதி என்பது ஏலம் முதலான ஆறு பொருள்கள் கூடிய சூரணம். இப்பெயர்களால் நூல் செய்த காரியாசானும் கணிமேதாவியாரும் சமணரே. அம்மருந்துகளைக் கேட்போர் முன்னரே அறிந்திருந்தாலன்றி, நூலுக்கு அப்பெயரிடுவதிற் பயனில்லை. ஆதலின் வேரையும் சரக்கையும் பற்றிய அறிவு அக்காலத் தமிழரிடையே பரவலாக இருந்ததென்று கொள்வதிற் பிழை இராது.

அவ்வறிவில் ஒரு துளியே இன்றைய பேச்சின் பொருள். மழைக்குப்பின் வயல் வரப்பில் கேட்பாரற்று முளைக்கும் ஒரு பூண்டு, காமாலைக்குக் கண்கண்ட மருந்தென்று நம் பாட்டிமார் சொன்ன பூண்டு, கீழாநெல்லி. 1980-களில் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்தது. கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இடம்பெற்றது. பின்னர்ப் பல நாடுகளிலிருந்தும் கடும் மறுப்பையும் ஏற்றது. பூண்டைப் போற்றுவோர் இக்கதையின் முற்பாதியை மட்டும் சொல்கின்றனர். இகழ்வோர் பிற்பாதியை மட்டும் சொல்கின்றனர். முழுவதையும் சேர்த்துக் கேட்பவர் சிலரே.

முதலிற் பூண்டைப் பார்ப்போம். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை வளரும் சிறு செடி அது. புளியிலையைப் போன்ற சிற்றிலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளின் அடியிலே கடுகினும் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். உருவத்தில் அவை நெல்லிக்காயின் குழந்தைகள் போன்றவை. கீழே காய்க்கும் நெல்லி, ஆதலின் கீழாநெல்லி. இப்பெயரை இட்டவர் யாரோ அறியோம். ஆயின் அவர் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் மரமாக வளரும் நெல்லியும் தரையில் வளரும் இப்பூண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று தாவரநூலாரும் பிற்காலத்தில் வகுத்தனர். இரண்டிற்கும் ஃபில்லாந்தஸ் என்பதே பேரினப் பெயர்.

இதன் முழுச் செடியையும் அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி, காலையில் வெறுவயிற்றில் கொடுப்பது வழக்கம். உப்பையும் எண்ணெயையும் நீக்கிப் பத்தியம் இருக்கச் செய்வர். சில நாட்களில் கண்ணின் மஞ்சள் நிறம் குறையும், பசி எடுக்கும், நோயாளி எழுந்து நடப்பான். இதனைக் கண்ணாற் கண்ட ஊரார், மருந்தின் ஆற்றலை எவ்வாறு ஐயுறுவர்?

இக்கேள்விக்கு விடை காணுமுன், காமாலை என்பது யாது என்று அறிதல் வேண்டும்.

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அது சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் தோன்றுகிறது. அதனை இரத்தத்திலிருந்து பிரித்து, பித்தநீரோடு கலந்து, குடலுக்குள் அனுப்பிவிடுவது கல்லீரலின் பல வேலைகளுள் ஒன்று. அப்பித்தநீரே நாம் உண்ணும் நெய்யையும் எண்ணெயையும் செரிக்க உதவுகிறது. கல்லீரலின் அணுக்கள் அழற்சியுற்றாலும், பித்தநீர் செல்லும் குழாய் அடைபட்டாலும், மஞ்சள் நிறப்பொருள் வெளியேற வழியின்றி உடலெங்கும் பரவுகிறது. கண்ணின் வெள்ளை விழி முதலில் அதனைக் காட்டிக் கொடுக்கிறது. உணவைக் கண்டாலே குமட்டுகிறது. கொழுப்பைத் தவிர்க்கச் சொன்ன நம் பத்தியக்காரர்கள் நோயாளியின் வயிற்றுநிலையை நன்கு கவனித்தே சொன்னார்கள். எனவே காமாலை ஒரு தனி நோயன்று. பல நோய்கள் ஏற்றும் ஒரே கொடி. பித்தப்பைக் கல்லும் அக்கொடியை ஏற்றும், மிகுந்த குடியும் ஏற்றும், கிருமியும் ஏற்றும்.

கிருமியால் வரும் காமாலை இருவகைப்படும் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. ஜெர்மனி நாட்டின் பிரெமென் நகரில், 1883-இல் கப்பல் கட்டும் துறைத் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மை குத்தினார்கள். மனித உடலிலிருந்து எடுத்த ஊனீரே அம்மைப்பாலாகப் பயன்பட்டது. அடுத்த சில மாதங்களில் அவர்களில் 191 பேருக்குக் காமாலை கண்டது. அதே துறையில், அதே உணவை உண்டு, அதே நீரைப் பருகி வேலைசெய்த ஏனையோருக்கு, அதாவது வேறு அம்மைப்பால் குத்தப்பெற்றவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும், நோய் வரவில்லை. லூர்மன் என்னும் மருத்துவர் 1885-இல் இதனை எழுதி வெளியிட்டார். நோய்க்கிருமியை அவர் கண்டதில்லை. அக்காலத்தில் எவரும் காண வழியுமில்லை. குத்தப்பட்டோரையும் குத்தப்படாதோரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டார், அவ்வளவே. அந்த ஒப்பீட்டினாலேயே குற்றம் அம்மைப்பாலில் இருந்தது என்று தெளிந்தது. மாணவர்கள் இவ்வொப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கீழாநெல்லியின் கதையிலும் அதுவே நடுநாயகம். பின்னர் 1942-இல், அமெரிக்கப் படைவீரருக்குப் போடப்பட்ட மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியில் மனித இரத்தத்தின் தெளிநீர் சேர்க்கப்பட்டிருந்தமையால், ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையால் படுத்தனர்.

மற்றொரு வகை நீரின் வழியே வருவது. அதற்கு நம் நாட்டின் தலைநகரே பெருஞ்சான்று. 1955-ஆம் ஆண்டு யமுனையாறு திசைமாறிப் பாய்ந்தபோது, நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர் பின்னோக்கி வந்து, தில்லிக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் துறையிற் கலந்தது. அதிகாரிகள் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். டைஃபாய்டு முதலிய நோய்கள் பெருகவில்லை. ஆயினும் சில வாரங்கள் கழித்து, 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், 29,300 பேருக்குக் காமாலை கண்டதாகக் கணக்கிட்டனர். கருவுற்ற பெண்களையே அந்நோய் கொடிதாகத் தாக்கிற்று. பாக்டீரியாவைக் கொன்ற குளோரினுக்கு இக்கிருமி தப்பிவிட்டது. அதன் அடையாளம் தெரியக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அன்று சேமித்து வைத்த இரத்த நீரை 1980-இல் சோதித்தபோதுதான், அதுவரை அறிந்த கிருமிகளுள் எதுவும் அன்று என்று தெரிந்தது. இன்று அதனை ஹெபடைட்டிஸ் ஈ என்று அழைக்கிறோம்.

ஏயும் ஈயும் நீரின் வழியும் உணவின் வழியும் வருவன. பியும் சியும் இரத்தத்தின் வழி வருவன. இவ்வேறுபாடே நம் கேள்விக்கு விடை தருகிறது. ஏ வகைக் காமாலையும் ஈ வகைக் காமாலையும் மிகப் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. பி வகைக் கிருமி வளர்ந்தவர்களைத் தொற்றினாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதனை வென்று நலமடைகின்றனர். கீழாநெல்லி உண்டவர் பிழைத்தார் என்பது உண்மை. உண்ணாதவரும் பிழைத்தார் என்பதும் உண்மை. கையில் சூடு போட்டுக்கொண்டவரும் பிழைத்தார். ஊரில் எவரும் இம்மூவரையும் பக்கத்திற் பக்கமாக நிறுத்தி எண்ணிப் பார்க்கவில்லை. இதற்காக நம் முன்னோரை நகைத்தல் தகாது. ஐரோப்பிய மருத்துவரும் அண்மைக்காலம் வரை இரத்தத்தை வடித்துவிட்டு, பிழைத்தவரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களே.

ஆனால் தாமாக வெல்லாதவர்களின் நிலை வேறு. பிறக்கும்போதே தாயிடமிருந்து பி கிருமியைப் பெறும் குழந்தைகளிற் பத்தில் ஒன்பது பங்கினர் வாழ்நாள் முழுவதும் அதனைச் சுமக்கின்றனர். கண் மஞ்சளாகாது, உடல் தளராது, தாம் நோயாளர் என்பதையே அறியார். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஈரல் கல்லைப்போல் இறுகும். அல்லது புற்றுநோய் தோன்றும். தைவானில் 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்த பீஸ்லி முதலியோர் 1981-இல் தம் முடிவை வெளியிட்டனர். கிருமியைச் சுமப்பவர்க்கு ஈரற்புற்று வரும் வாய்ப்பு, சுமக்காதவர்க்கு உள்ளதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். இத்தகைய கிருமிதாங்கிகளுக்கு அக்காலத்தில் பயனுள்ள மருந்து ஏதுமில்லை. சென்னை ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டது இந்தக் கடினமான பிரச்சினையையே. சாதாரணக் காமாலையை எடுத்துக்கொண்டு, தானாகத் தணியும் நோயில் வெற்றி காட்டுவது எளிது. அவர்கள் அவ்வெளிய வழியை நாடவில்லை.

இவ்விடத்தில் பரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்கரை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் கல்லீரலைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். மக்களின் இரத்தம் இனத்திற்கு இனம் எவ்வாறு வேறுபடுகிறது என்று அறிய விரும்பி, உலகின் பல பகுதிகளிலிருந்து இரத்த நீரைத் திரட்டி வந்தார். பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளியின் உடலில், அயலார் இரத்தத்தை எதிர்க்கும் பொருள்கள் தோன்றியிருக்கும் என்பது அவர் கருத்து. 1963-இல் அத்தகைய நோயாளி ஒருவரின் இரத்த நீர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்த நீரோடு சேர்ந்தபோது ஒரு மெல்லிய கோடு தோன்றியது. அந்தப் புதுப்பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டனர். இது யாது என்று தெரியச் சில ஆண்டுகள் சென்றன. 1967-இல் அவருடைய ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய பெண்மணி ஒருவர் உடல் சோர்வுற்று, தம் இரத்தத்தைத் தாமே சோதித்தார். கோடு தோன்றிற்று, சின்னாட்களிற் காமாலையும் தோன்றிற்று. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது பி கிருமியின் மேலுறையே என்று பின்னர் உறுதியாயிற்று. 1976-இல் பிளம்பெர்க் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒருவர் உடலிற் கிருமி உண்டா இல்லையா என்று இரத்தத் துளியைக் கொண்டே சொல்லக்கூடிய வழி இதனால் மருத்துவருக்குக் கிட்டியது. மருந்து பலித்ததா என்பதற்குக் கண்ணின் நிறத்தை நம்பவேண்டிய நிலை நீங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் இவ்வழியைக் கைக்கொண்டார். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர். காமாலைக்கென்று நம் மருத்துவ மரபு சொல்லும் இரு பூண்டுகளை, கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும், அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் எடுத்தனர். அவற்றின் சாற்றைப் பி கிருமியின் மேலுறைப் பொருளோடு கண்ணாடிக் குழாயில் கலந்து பார்த்தனர். அப்பொருள் செயலிழப்பதாகக் கண்டு, 1982-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினர். குழாயில் நிகழ்வது உடலில் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. எலுமிச்சைச் சாறும் குழாயிற் பல கிருமிகளைக் கொல்லும். ஆயினும் தேடுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த காட்சி பிலடெல்ஃபியாவில். பிளம்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் வெங்கடேசுவரன், மில்மன் ஆகியோர் கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்தனர். பி கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியை அச்சாறு தடுத்தது. மனிதரின் பி கிருமிக்கு நெருங்கிய உறவுடைய கிருமியொன்று, வூட்சக் என்னும் அமெரிக்கக் கொறிவிலங்கைத் தாக்குவது. அண்மையில் நோயுற்ற நான்கு வூட்சக்குகளுக்குச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினர். மூன்றின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் நாளடைவில் மறைந்தது. இம்முடிவு 1987-இல் வெளிவந்தது. ஒரு சிறு குழப்பமும் உடன் வெளிவந்தது. அக்கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று இருந்தது. நம் நாட்டு நூல்கள் பலவும் நெடுங்காலம் அப்படியே எழுதி வந்தன. ஆனால் நிரூரி என்னும் பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்தது. நம் வரப்பிலுள்ளது ஃபில்லாந்தஸ் அமாரஸ். கசப்பானது என்பது அமாரஸ் என்ற சொல்லின் பொருள். மென்று பார்த்தவர் ஒப்புக்கொள்வர். ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போன்ற பல பூண்டுகள் ஒரே வரப்பில் கலந்து வளர்வதால், பறிப்பவர் கண்ணும் ஏமாறும். மருந்தாராய்ச்சியில் இது சிறு செய்தியன்று. எந்தச் செடி என்றே ஐயமிருந்தால், முடிவு எதைப் பற்றியது?

இனி மனிதரிடம் சோதிக்க வேண்டும். சென்னையில், பி கிருமியைச் சுமப்பவர்களை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லியை உலர்த்திப் பொடியாக்கி, வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தனர். மற்றப் பகுதியினருக்கு மருந்தைப் போன்றே தோன்றும், மருந்தில்லாத குளிகையைக் கொடுத்தனர். மருந்து நிறுத்தி 15 முதல் 20 நாட்களுக்குள் இரத்தத்தைச் சோதித்தார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் மேலுறைப் பொருள் காணப்படவில்லை. அதாவது நூற்றுக்கு 59 பேர். வெறுங்குளிகை உண்ட 23 பேரில் ஒருவரே அவ்வாறு விடுபட்டிருந்தார். 1988 அக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில், தியாகராஜனும் பிளம்பெர்க்கும் அவர்தம் துணைவரும் கையொப்பமிட்ட கட்டுரையாக இது வந்தது.

மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. கிருமிதாங்கிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிலேயே மேலுறைப் பொருள் தானாக மறையும். இங்கோ சில வாரங்களில் பாதிக்கும் மேல். விலையோ ஒன்றுமில்லை, வரப்பில் இறங்கிப் பறித்தால் போதும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை. எனக்கு அக்கட்டுரையில் மிகவும் பிடித்தது வேறொன்று. அதனை எழுதியவர்களே தம் ஆய்வை முதனிலை ஆய்வு என்றுதான் குறிப்பிட்டனர். மேலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் முடித்தனர். கணக்கில் தேர்ந்த மாணவர் ஒருவர் அவ்வெண்களைப் பார்த்து, ஒரு பக்கம் 37 பேர், மறு பக்கம் 23 பேர் என ஏன் ஏற்றத்தாழ்வு என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இறுதிச் சோதனைக்கு வராதவரை எண்ணாமல் விடும்போது, வந்தவரும் வராதவரும் ஒத்த நிலையினர்தாமா என்ற ஐயம் எழும். அறுபது பேரைக் கொண்டு செய்த ஆய்வில் அவ்வையம் கனமானது.

உலகம் சோதித்துப் பார்த்தது. தாய்லாந்து மருத்துவர், நோய்க்குறி தோன்றாத கிருமிதாங்கிகளிடம் முயன்று, பலன் இல்லை என்று 1990-இல் அதே லான்செட் இதழில் எழுதினர். 1991-இல் நெதர்லாந்திலிருந்து, நற்பயன் உறுதிப்படவில்லை என்ற செய்தி வந்தது. 1993-இல் தில்லி ஆராய்ச்சியாளர், வாத்துகளைத் தாக்கும் ஒத்த கிருமியிடம் கீழாநெல்லியையும் மேலாநெல்லியையும் சோதித்து, கிருமியை ஒழிக்கும் ஆற்றலைக் காணவில்லை என்றனர். 1994-இல் நியூசிலாந்தும் அவ்வாறே கூறிற்று. சீனத்தில் செய்த ஆய்வுகள் சில ஓரளவு நம்பிக்கை தந்தன. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை மருந்தில்லாக் குளிகையோடு ஒப்பிட்டவை அல்ல. 2011-இல், அதுவரை வெளிவந்த 16 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பினர், வெறுங்குளிகையைக் காட்டிலும் இப்பூண்டு நல்லது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு செய்தனர்.

ஏன் இந்த வேறுபாடு? சென்னை மண்ணில் விளைந்த பூண்டு வேறு, பிற இடத்துப் பூண்டு வேறு என்றனர் சிலர். பறிக்கும் பருவத்தாற் சத்து மாறும் என்றனர். வளர்ந்தபின் தொற்றுக்கு ஆளானோர் சென்னை ஆய்வில் மிகுந்திருக்கலாம், அவர்கள் தாமாக விடுபடுவது எளிது என்று ஐயுற்றவரும் உண்டு. இவற்றுள் எது சரியாயினும், ஒரு மருந்து மருந்தென்று கொள்ளப்படுவதற்கு, ஓரிடத்தில் பலித்தது வேறிடத்திலும் பலிக்க வேண்டும். கீழாநெல்லி அத்தேர்வில் இதுவரை தேறவில்லை. இதனைச் சொல்வதில் நம் பெருமைக்குக் குறைவொன்றும் இல்லை. மரபு சொன்னதை அப்படியே நம்பவும் செய்யாமல், அப்படியே தள்ளவும் செய்யாமல், பாட்டி வைத்தியத்தை ஒப்பீட்டுச் சோதனைக்கு முதலில் உட்படுத்தியவர் சென்னையார். அவர்கள் தெளிவாகக் கேள்வி கேட்டிராவிடின், மற்றவர் மறுமொழி சொல்லியிருக்கவும் முடியாது.

வருந்தத்தக்கது ஒன்று உண்டு. 1988-இன் செய்தி ஊர்தோறும் பரவியது; 1990-இன் செய்தி நூலகத்தில் தங்கிவிட்டது. கிருமியைச் சுமப்பவர் கீழாநெல்லிச் சாற்றைக் குடித்து, கண் வெளுத்திருப்பதைக் கண்டு, நோய் தீர்ந்ததென்று மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுவது உண்டு. கண் வெளுத்திருப்பது எதையும் காட்டாது. அவருடைய கண் முன்பும் மஞ்சளாக இருந்ததில்லை. ஈரல் இறுகிய பின்னர் வயிற்றில் நீர் கோத்து வரும்போது, எந்த மருத்துவமனையும் செய்யக்கூடியது மிகச் சிறிதே. தெருவோரத்திற் புட்டியில் அடைத்து விற்கப்படும் சாறுகளைப் பற்றியோ சொல்லவே வேண்டா.

கிருமியை எதிர்த்து உண்மையில் வென்ற கருவி, பிளம்பெர்க்கின் ஆய்வுக்கூடத்திலேயே வேறொரு மூலையில் உருவாயிற்று. கிருமிதாங்கியின் இரத்தத்தில், உள்ளீடற்ற மேலுறைத் துணுக்குகள் ஏராளமாக மிதக்கின்றன. அவை நோய் தருவதில்லை. ஆயின் உடலுக்கு எதிரியின் முகத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசி ஆக்கலாம் என்று அவரும் மில்மனும் 1969-இல் உரிமை கோரினர். நியூயார்க்கில் 1,083 பேரிடம், சரிபாதிப் பேருக்கு வெறும் ஊசி போட்டு, சோதித்தவர் ஸ்முனெஸ். ஊசி பெற்றவர்களில் நோய் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததென்று 1980-இல் அறிவித்தார். இம்முடிவு பிற நாடுகளிலும் அவ்வாறே பலித்தது. தைவான் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிற்று; பத்தாண்டுகளில் குழந்தைகளிடம் கிருமிதாங்கிகள் நூற்றுக்குப் பத்துப்பேர் என்ற அளவிலிருந்து ஏறத்தாழ ஒருவராகக் குறைந்தனர். சிறுவருக்கு வரும் ஈரற்புற்றும் பாதியளவாயிற்று. புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்பதற்கு மனித வரலாற்றில் முதற்சான்று அது.

அயல்நாட்டு ஊசி நம் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. ஹைதராபாதிலுள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே அதனைச் செய்து வெளியிட்டபின் விலை இறங்கிற்று. 2002-இல் 33 மாவட்டங்களிலும் சில நகரங்களிலும் முயற்சியாகத் தொடங்கிய அரசுத் திட்டம், 2011-இல் நாடு முழுவதையும் எட்டியது. அவ்வாண்டு டிசம்பரில், பி கிருமித் தடுப்பையும் உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசியை முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும் ஆகும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி. பின்னர் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் மூன்று. தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் வழியை அடைப்பது அந்த முதல் ஊசியே. ஆதலின் வீட்டுப் பிரசவத்தைத் தவிர்த்து மருத்துவமனையில் பிரசவிப்பதற்கு இது மற்றொரு காரணம்.

ஊசி வருமுன் பிறந்தோர் நிலை என்ன? 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் பி கிருமியைச் சுமந்திருந்தனர் என்றும், அவ்வாண்டில் 11 லட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. டெனோஃபோவிர் முதலிய மாத்திரைகள், கீழாநெல்லி குழாயில் தடுத்த அதே நொதியையே உடலிலும் தடுக்கின்றன. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே அவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை கிருமியை அடக்கி வைக்கும்; பெரும்பாலோரிடம் முற்றிலும் அகற்றா. பலர் பல்லாண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும், அவற்றை உண்ண வேண்டியிருக்கிறது. கிருமிதாங்கியின் இரத்தத்திலிருந்து மேலுறைப் பொருளை அடியோடு மறையச் செய்யும் மருந்தை, சென்னையில் 22 பேரிடம் கண்டதாக எண்ணப்பட்ட அந்த விளைவை, ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.